நாடாளுமன்றத்தால் இதைச் செய்ய முடியுமா? நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்வது எப்படி

டெல்லியில் சர்ச்சைக்குரிய மசோதா ஒன்று வந்தால் போதும், நம் வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு கட்சி உண்டாகிவிடும். ஒரு பக்கம் "மெஜாரிட்டி இருக்கு, என்ன வேணும்னாலும் செய்வாங்க", இன்னொரு பக்கம் "கோர்ட்ல ஒரு நாள்கூட நிக்காது". அரசமைப்புச் சட்டத்தைப் பிரித்துப் பார்த்தவர் இரண்டு பக்கத்திலும் அநேகமாக யாரும் இருக்க மாட்டார். பார்ப்பதற்கு வக்கீலாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. மசோதாவின் முழு வாசகமும் நாடாளுமன்ற இணையதளத்தில் இருக்கிறது, அரசமைப்புச் சட்டத்தின் தமிழாக்கமும் இணையத்தில் சும்மாவே கிடைக்கிறது. எதை முதலில் பார்ப்பது, எதை அப்புறம் பார்ப்பது என்று தெரிந்தால் ஒரு மாலை நேரம் போதும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் நாடாளுமன்றம் பிரிட்டன் நாடாளுமன்றம் மாதிரி இல்லை. அங்கே எழுதி வைத்த ஒற்றை அரசமைப்புச் சட்டம் கிடையாது, நாடாளுமன்றம் வைத்ததுதான் சட்டம். இங்கே நாடாளுமன்றத்துக்கு இருக்கும் ஒவ்வொரு அதிகாரத்துக்கும் ஒரு பிரிவு எண் உண்டு. எண்ணைக் காட்ட முடியாவிட்டால் அந்த அதிகாரம் இல்லை. ஆகவே எந்த எண், எத்தனை ஓட்டு, யார் மறுக்க முடியும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தேடுவதுதான் வேலை.

முதலில் தலைப்பைப் படியுங்கள்

கேலி இல்லை, பாதி விஷயம் தலைப்பிலேயே தெரிந்துவிடும். "அரசமைப்பு (இத்தனையாவது திருத்தம்) மசோதா" என்று இருந்தால் நேராக 368ஆம் பிரிவுக்குப் போய்விடலாம். அப்படி இல்லையென்றால் அது சாதாரணச் சட்டம், நீங்கள் போக வேண்டிய இடம் 246ஆம் பிரிவும் ஏழாவது அட்டவணையும்.

ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் இருக்கின்றன. மத்தியப் பட்டியலில் உள்ளவற்றில் நாடாளுமன்றம் மட்டுமே சட்டம் போடலாம், மாநிலப் பட்டியலில் உள்ளவை சட்டமன்றத்துக்கு, பொதுப்பட்டியலில் இரண்டுமே போடலாம். 1950இல் இவை முறையே 97, 66, 47 வரிசை எண்களோடு தொடங்கின. படிக்கும்போது எண்கள் விட்டுவிட்டு வருவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். நீக்கியதை நீக்கியதாகவே விட்டிருப்பார்கள், புதிதாகச் சேர்த்ததை 17ஏ, 17பி என்று நுழைத்திருப்பார்கள். மாநிலப் பட்டியலில் 11, 19, 20, 29 ஆகிய எண்கள் காலியாக இருப்பதைக் கவனியுங்கள். கல்வி, காடு, வன விலங்குகள், எடை அளவை ஆகிய நான்கும் அங்கேதான் இருந்தன. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம் அவற்றைப் பொதுப்பட்டியலுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கல்வியைத் திரும்ப மாநிலப் பட்டியலுக்குக் கொண்டுவர வேண்டும் என்று தமிழ்நாட்டில் இத்தனை ஆண்டுகளாகக் கேட்பதன் பின்னணி இதுதான்.

இப்போது மசோதா எதைப் பற்றியது என்று பாருங்கள். இங்கே மசோதாவின் பெயரை நம்பிவிடக் கூடாது, சாரம் என்ன என்று பார்க்க வேண்டும், நீதிமன்றமும் அப்படித்தான் பார்க்கும். 2020இன் மூன்று வேளாண் சட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். வேளாண்மை மாநிலப் பட்டியலில் 14ஆவது எண், சந்தைகள் அதே பட்டியலில் 28. அப்படியானால் டெல்லி எப்படிச் சட்டம் போட்டது? பொதுப்பட்டியலின் 33ஆவது எண்ணில் உணவுப் பொருள்களின் வணிகமும் விநியோகமும் இருக்கிறது, 1954ஆம் ஆண்டின் 3ஆவது திருத்தம் விரிவாக்கிய எண் அது. ‘நாங்கள் விவசாயத்தைத் தொடவில்லை, உணவு வணிகத்தைத்தான் தொடுகிறோம்’ என்பது மத்திய அரசின் வாதம். வணிகம் என்ற பெயரில் மாநிலத்தின் மண்டிக்குள்ளேயே கை வைக்கிறார்கள் என்பது எதிர்வாதம். உச்ச நீதிமன்றம் 2021 ஜனவரியில் சட்டங்களை நிறுத்தி வைத்ததே தவிர இந்தக் கேள்விக்குத் தீர்ப்பு சொல்லவில்லை. அதற்குள் அந்த நவம்பரில் நாடாளுமன்றமே அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. என்னைக் கேட்டால் மாநிலங்களின் வாதத்தில் பலம் இருந்தது, ஆனால் 33ஆவது எண்ணைப் படிக்காமல் ‘விவசாயம் மாநில விஷயம், முடிந்தது’ என்று சொல்பவர் பாதி வழியில் நின்றுவிடுகிறார்.

பெரும்பாலும் யாரும் கவனிக்காத ஓர் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். மசோதாவின் 2ஆவது பிரிவு ‘பொதுநலன் கருதி ஒன்றியம் இதைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்வது உகந்தது என இதனால் அறிவிக்கப்படுகிறது’ என்கிற ரீதியில் இருந்தால் அங்கே நின்று நிதானமாகப் படியுங்கள். பார்க்க வெறும் சம்பிரதாயம் போல இருக்கும். மத்தியப் பட்டியலின் 52, 54, 56ஆம் எண்கள் (சில தொழில்கள், கனிமங்கள், மாநிலங்களுக்கு இடையே ஓடும் ஆறுகள்) இப்படி ஓர் அறிவிப்பு இருந்தால்தான் உயிர் பெறும், அந்த அளவுக்கு மாநிலத்தின் அதிகாரம் சுருங்கும். 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டத்தில் அந்த வரி இருக்கிறது, 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டத்திலும் இருக்கிறது. தண்ணீர் மாநிலப் பட்டியலின் 17ஆவது எண், ஆனாலும் முல்லைப் பெரியாறு மாதிரி அணைகளின் பாதுகாப்பைப் பற்றி டெல்லி விதி எழுதுகிறது என்றால் கதவைத் திறந்தது அந்த ஒற்றை வாக்கியம்தான். அது எவ்வளவு தூரம் செல்லும் என்பதிலும் சண்டை உண்டு. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு, கனிமச் சட்டம் இருந்தாலும் கனிம உரிமைக்கு வரி போடும் அதிகாரம் மாநிலங்களுக்கு இருக்கிறது என்று 8க்கு 1 என்ற கணக்கில் சொன்னது.

பொதுப்பட்டியல் என்றால் 254ஐயும் சேர்த்துப் படியுங்கள்

பொதுப்பட்டியல் விஷயத்தில் நாடாளுமன்றச் சட்டமும் மாநிலச் சட்டமும் மோதினால், 254ஆம் பிரிவின்படி நாடாளுமன்றச் சட்டம்தான் செல்லும். ஆனால் மாநிலச் சட்டத்தைக் குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கிவிட்டால் அந்த மாநிலத்துக்குள் மாநிலச் சட்டம் செல்லும். ஜல்லிக்கட்டு இதற்கு நல்ல உதாரணம். விலங்குகளைக் கொடுமைப்படுத்துவதைத் தடுப்பது பொதுப்பட்டியலில் 17ஆவது எண், அதற்கு நாடாளுமன்றத்தின் 1960ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, 2014இல் உச்ச நீதிமன்றம் அதை வைத்துத்தான் ஜல்லிக்கட்டுக்குத் தடை போட்டது. 2017இல் மெரினா போராட்டத்துக்குப் பிறகு தமிழ்நாடு தனியாக ஒரு திருத்தச் சட்டம் போட்டு ஒப்புதலும் வாங்கியது, 2023 மே மாதம் 5 நீதிபதிகள் அமர்வு அது செல்லும் என்றது. அதே 2017இல் நீட் விலக்கு கேட்டு நம் சட்டமன்றம் நிறைவேற்றிய இரண்டு மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைக்கவில்லை. வழி ஒன்றுதான், ஆனால் ஒப்புதல் கொடுப்பது நடைமுறையில் மத்திய அமைச்சரவையின் முடிவு என்பதால் இந்த விதிவிலக்கு டெல்லியின் மனதைப் பொறுத்தது. போதாக்குறைக்கு, ஒப்புதல் கிடைத்த மாநிலச் சட்டத்தையும் நாடாளுமன்றம் பிற்பாடு இன்னொரு சட்டம் போட்டு மாற்றலாம், நீக்கலாம். 254(2)இன் கடைசி வாக்கியத்தில் அது இருக்கிறது.

மூன்று பட்டியலிலும் தேடி எதிலுமே கிடைக்கவில்லை என்றால்? 248ஆம் பிரிவும் மத்தியப் பட்டியலின் 97ஆவது எண்ணும் மிச்சம் இருப்பதையெல்லாம் நாடாளுமன்றத்துக்கே கொடுக்கின்றன. 1994இல் வந்த சேவை வரி இப்படிப் போட்டதுதான்.

மாநிலப் பட்டியலுக்குள் நாடாளுமன்றம் நுழைய வேறு சில வழிகளும் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். மாநிலங்களவை மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு தீர்மானம் போட்டால் நுழையலாம் (249), நெருக்கடி நிலையில் நுழையலாம் (250), இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்கள் கேட்டுக்கொண்டால் நுழையலாம் (252), சர்வதேச ஒப்பந்தத்தை நிறைவேற்ற நுழையலாம் (253). 1974ஆம் ஆண்டின் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் முகப்புரையைப் பாருங்கள், கேட்டுக்கொண்ட மாநிலங்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் முகப்புரையில் 1972ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் மாநாடு வரும். முகப்புரையைத் தாண்டிக் குதித்துப் போய்விடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஓட்டுக் கணக்கு

தொலைக்காட்சி விவாதங்களில் அதிகம் சொதப்புவது இங்கேதான். சாதாரணச் சட்டத்துக்கு வந்து ஓட்டுப் போட்டவர்களில் பாதிக்கு மேல் இருந்தால் போதும். அரசமைப்புத் திருத்தத்துக்கு இரண்டு தடை தாண்ட வேண்டும், அதுவும் ஒவ்வொரு அவையிலும் தனித்தனியாக. மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஆதரவு வேண்டும், வந்து ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். மக்களவையின் 543 இடங்களுக்கு முதல் தடை 272, மாநிலங்களவையின் 245க்கு 123. இரண்டாவது தடை அன்றைக்கு எத்தனை பேர் ஓட்டுப் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்து ஏறி இறங்கும்.

வெளிநடப்பு செய்தவர்கள் ‘எதிர்ப்பைப் பதிவு செய்தோம்’ என்று வாசலில் பேட்டி கொடுக்கும்போது இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் வெளியே போனதும் மூன்றில் இரண்டு பங்கு எட்டும் உயரத்துக்கு இறங்கிவிடுகிறது, அரசுக்கு அது உதவிதான். ஆனால் முதல் தடை இறங்காது, ஆகவே ஆட்கள் ஒதுங்குவதே ஒரு தீர்மானத்தைக் கொல்லவும் செய்யும். இரண்டுக்கும் ரத்தமும் சதையுமான உதாரணங்கள் இருக்கின்றன. 1970 செப்டம்பரில் முன்னாள் மன்னர்களின் மானியத்தை ஒழிக்கும் திருத்தம் மாநிலங்களவைக்கு வந்தது. ஆதரவு 149, எதிர்ப்பு 75, மொத்தம் 224. அதில் மூன்றில் இரண்டு பங்கு 149.33. மூன்றில் ஒரு ஓட்டு குறைந்ததால் இந்திரா காந்தி அரசின் மசோதா தோற்றது! (அடுத்த ஆண்டு தேர்தலில் ஜெயித்து வந்து 26ஆவது திருத்தமாக அதை நிறைவேற்றினார்.) 1993 மே மாதம் நீதிபதி வி. ராமசாமியைப் பதவி நீக்கும் தீர்மானத்துக்கு மக்களவையில் ஆதரவாக 196 ஓட்டு, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. காங்கிரசும் அதன் தோழமைக் கட்சிகளுமாக 205 பேர் யாருக்கும் போடாமல் உட்கார்ந்திருந்தார்கள். போட்டவர்களில் நூற்றுக்கு நூறு ஆதரவு, ஆனாலும் மொத்த உறுப்பினர்களில் பாதியைத் தொடாததால் தீர்மானம் விழுந்தது. நீதிபதிகளை நீக்குவதற்கும் (124ஆம் பிரிவு) அதே இரட்டைத் தடைதான்.

அறிமுகத்தையும் நிறைவேற்றத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். 2024 டிசம்பரில் ஒரே நாடு ஒரே தேர்தலுக்கான 129ஆவது திருத்த மசோதா அறிமுகமானபோது 269க்கு 198 என்று ஓட்டு விழுந்தது. அறிமுகத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்பதால் நுழைந்தது. அதே 467 பேர் இறுதி ஓட்டெடுப்பில் இருந்திருந்தால் 312 தேவைப்பட்டிருக்கும்.

கூட்டாட்சியைத் தொடும் சில பிரிவுகளுக்கு (குடியரசுத் தலைவர் தேர்தல், ஏழாவது அட்டவணை, உச்ச நீதிமன்றம் போன்றவை) மூன்றாவது தடையாக மாநிலச் சட்டமன்றங்களில் பாதியாவது ஏற்க வேண்டும். ஜிஎஸ்டிக்கான 101ஆவது திருத்தம் அப்படித்தான் வந்தது.

இனி நான் ஜீரணிக்கவே சிரமப்படும் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மாநிலத்தைப் பிரிக்க, எல்லையை மாற்ற, பெயரை மாற்ற எந்தச் சிறப்புப் பெரும்பான்மையும் வேண்டாம். 3ஆம் பிரிவின் கீழ் சாதாரணச் சட்டமே போதும், அது அரசமைப்புத் திருத்தமாகவே கருதப்படாது என்று 4ஆம் பிரிவு சொல்லிவிடுகிறது. சம்பந்தப்பட்ட சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும், அதன்படி நடக்க வேண்டும் என்று இல்லை. 2014 ஜனவரியில் ஆந்திரச் சட்டமன்றம் பிரிவினை மசோதாவை நிராகரித்தது, பிப்ரவரியில் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது, ஜூன் 2ஆம் தேதி தெலங்கானா பிறந்துவிட்டது. நம் பெயர் கதையும் இதே பிரிவுதான். 1967 ஜூலையில் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டும் அந்தத் தீர்மானத்தால் மட்டும் பெயர் மாறவில்லை, 1968இல் நாடாளுமன்றம் சட்டம் போட்ட பிறகு 1969 ஜனவரி 14 அன்றுதான் சென்னை மாநிலம் சட்டப்படி தமிழ்நாடு ஆனது. ஆனால் இந்திய மண்ணை இன்னொரு நாட்டுக்குக் கொடுப்பதற்கு 3ஆம் பிரிவு உதவாது, அரசமைப்பையே திருத்த வேண்டும் என்று 1960இல் பெருபாரி விவகாரத்தில் (மேற்கு வங்கத்தின் ஒரு பகுதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுப்பது பற்றியது) உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கச்சத்தீவு ஒப்பந்தம் நாடாளுமன்றத்தின் திருத்தம் இல்லாமல் நடந்ததே என்று இன்றுவரை நடக்கும் வாதத்துக்கு அடிப்படை அதுதான். விட்டுக்கொடுக்கவில்லை, தகராறில் இருந்த எல்லையை முடிவு செய்தோம் என்பது மத்திய அரசு சொல்லிவரும் பதில்.

யார் மறுக்க முடியும்?

முதலில் மாநிலங்களவை. ஆனால் சபாநாயகர் ஒரு மசோதாவைப் பண மசோதா (வரி, அரசுச் செலவு பற்றி மட்டுமே பேசும் மசோதா) என்று சான்று கொடுத்துவிட்டால் (110ஆம் பிரிவு) மாநிலங்களவைக்கு 14 நாள் அவகாசம் மட்டும்தான், அது சொல்லும் திருத்தங்களை மக்களவை குப்பையில் போடலாம். 2016இல் ஆதார் மசோதாவுக்கு மாநிலங்களவை 5 திருத்தங்களை நிறைவேற்றியது, அன்றைக்கே மக்களவை ஐந்தையும் தள்ளிவிட்டது. ஆதார் பண மசோதாதானா என்பதில் 2018இல் உச்ச நீதிமன்றம் 4க்கு 1 என்று அரசின் பக்கம் நின்றது, 2019இல் இன்னோர் அமர்வு அதில் சந்தேகம் கிளப்பி 7 நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியது. ஆகவே வரியும் செலவும் மட்டுமே உள்ள மசோதாவா, இல்லை வேறு சரக்கும் உள்ளே ஒளிந்திருக்கிறதா என்று பிரிவு பிரிவாகப் பாருங்கள். 110இல் ‘மட்டும்’ என்ற பொருள்படும் சொல் இருக்கிறது, முழுச் சண்டையும் அதன் மேல்தான். சாதாரண மசோதாவில் இரு அவையும் முட்டிக்கொண்டால் கூட்டுக் கூட்டம் நடத்தலாம், இதுவரை மூன்று மசோதாக்களுக்கு நடந்திருக்கிறது (1961, 1978, 2002). அரசமைப்புத் திருத்தத்துக்கு அந்தக் குறுக்கு வழி கிடையாது.

அடுத்து குடியரசுத் தலைவர். சாதாரண மசோதாவை ஒருமுறை திருப்பி அனுப்பலாம், திரும்ப நிறைவேற்றி அனுப்பினால் ஒப்புதல் தந்தாக வேண்டும். 2006இல் ஆதாயம் தரும் பதவி மசோதாவில் அப்துல் கலாமுக்கு நடந்தது இதுதான். ஆனால் 111ஆம் பிரிவு காலக்கெடு எதுவும் சொல்லவில்லை. 1986இல் வந்த தபால் அலுவலகத் திருத்த மசோதாவை ஜெயில் சிங் கையெழுத்தும் போடாமல் திருப்பியும் அனுப்பாமல் வைத்துக்கொண்டார். அரசமைப்புத் திருத்தங்களில் 1971க்குப் பிறகு குடியரசுத் தலைவருக்கு மறுக்கும் வாய்ப்பே இல்லை.

கடைசியில் நீதிமன்றம். சாதாரணச் சட்டமாக இருந்தால் பட்டியல் மீறியிருக்கிறதா, அடிப்படை உரிமையை மீறியிருக்கிறதா (13ஆம் பிரிவு) என்று பார்க்கும். அரசமைப்புத் திருத்தமாக இருந்தால் 1973ஆம் ஆண்டின் கேசவானந்த பாரதி தீர்ப்புதான் அளவுகோல். 13 நீதிபதிகளில் 7 பேர், எதை வேண்டுமானாலும் திருத்தலாம் ஆனால் அடிப்படைக் கட்டமைப்பை (மக்களாட்சி, நீதித்துறையின் சுதந்திரம் போன்ற அடித்தளங்களை) உடைக்கக் கூடாது என்றார்கள். இரு அவையும் நிறைவேற்றி, பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களும் ஏற்ற நீதிபதிகள் நியமன ஆணையத் திருத்தத்தை 2015இல் இதே காரணத்தைச் சொல்லித்தான் ரத்து செய்தார்கள். ஆனால் ‘விவாதமே நடக்கவில்லை, குரல் வாக்கெடுப்பில் தள்ளிவிட்டார்கள்’ என்பதை மட்டும் நம்பி வழக்குப் போட்டால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், அவை நடைமுறையின் குறைகளை வைத்து நீதிமன்றம் கேள்வி கேட்க முடியாது என்கிறது 122ஆம் பிரிவு.

சட்டம் இயற்றாத அதிகாரங்கள்

அரசைக் கவிழ்ப்பது எல்லோருக்கும் தெரிந்தது. அமைச்சரவை மக்களவைக்குத்தான் பொறுப்பு (75ஆம் பிரிவு), 1999 ஏப்ரலில் அதிமுக ஆதரவை விலக்கியதும் வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று ஒரே ஓட்டில் போனது. பணத்தின் மேல் உள்ள பிடியைத்தான் நாம் கவனிப்பதில்லை. சட்டம் இல்லாமல் வரி இல்லை (265), நாடாளுமன்றம் ஒதுக்காமல் தொகுப்பு நிதியிலிருந்து (அரசின் வருவாய் வந்து சேரும் கணக்கு) ஒரு பைசா எடுக்க முடியாது. காகிதத்தில் இதைவிடப் பெரிய அதிகாரம் இல்லை. நடப்பது என்னவென்றால் பெரும்பாலான அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகள் (செலவுக்குப் பணம் கேட்கும் கோரிக்கைகள்) விவாதமே இல்லாமல் கடைசி நாளில் மொத்தமாக ஓட்டுக்கு விடப்படுகின்றன. உங்களுக்கு அக்கறையுள்ள துறை எதுவோ அது விவாதத்துக்கு வந்ததா என்று ஒவ்வொரு பட்ஜெட் கூட்டத்தொடரிலும் பாருங்கள்.

இன்னொன்று கேள்வி. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும், மக்களவையில் ஒரு நாளைக்கு 20 கேள்விகள். குறியிடாத 230 கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வரும். உங்கள் ஊர் ரயில் பாலமோ, கூலி பாக்கி நிற்கும் நூறு நாள் வேலையோ எதுவாக இருந்தாலும் எம்பியிடம் ‘அவையில் பேசுங்கள்’ என்று மனு கொடுப்பதைவிட, குறியிடாத கேள்வியாகக் கேட்கும்படி வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். 15 நாள் முன்னறிவிப்பு தேவை என்பதால் கூட்டத்தொடர் தேதி வந்ததுமே கொடுத்துவிடுவது நல்லது. எண்ணிக்கை, ஆண்டு, தொகை என்று அளந்து கேட்டால் பதிலும் மழுப்பாமல் வரும், அது இணையதளத்தில் நிரந்தரமாக இருக்கும், பிறகு எந்த அலுவலகத்திலும் எடுத்துக் காட்டலாம்.

எல்லாம் பார்த்தாகிவிட்டது, மசோதா நிறைவேறியும்விட்டது என்று வைத்துக்கொள்வோம். 1ஆவது பிரிவுக்குத் திரும்பிப் போய் எப்போது அமலுக்கு வரும் என்று பாருங்கள். பல சட்டங்களில் ‘மத்திய அரசு அறிவிக்கும் நாளிலிருந்து’ என்றுதான் இருக்கும். 2023இல் 454க்கு 2 என்ற ஓட்டில் மக்களவை நிறைவேற்றிய மகளிர் இடஒதுக்கீட்டுத் திருத்தம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகுதான் இடங்களை ஒதுக்கும் என்று எழுதப்பட்டது. அப்புறம் விதிகள் இருக்கின்றன. குடியுரிமைத் திருத்தச் சட்டம் 2019 டிசம்பரில் நிறைவேறியது, விதிகள் வந்தது 2024 மார்ச்சில். அப்படி அரசு எழுதும் விதிகளைப் பொதுவாக இரு அவைகளிலும் கூட்டத்தொடர் நாள்களில் 30 நாள் வைக்க வேண்டும், அந்தக் காலத்துக்குள் அவைகள் சேர்ந்து அவற்றை மாற்றலாம், நீக்கலாம். எந்தச் சட்டத்திலும் கடைசிப் பிரிவுகளில் ஒன்றாக இந்த ஏற்பாடு இருக்கும், போய்ப் பாருங்கள். உங்கள் எம்பியிடம் கேட்பதற்கு இன்னொரு கேள்வி அங்கே கிடைக்கும்.